59 ரூபாய் ஹோஸ்டிங்கில் 300 பேரின் முகவரி: சொந்த வெப்சைட் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் இரண்டு வாரம். மங்கலம்பேட்டையில் இருந்து விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு தினமும் வேலைக்குப் போய் வரும் ஒரு குடும்பம், இந்த முறை அகல் விளக்கு செட்டை இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கலாம் என்று முடிவு செய்கிறது என வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ், வாட்ஸ்அப்பில் ஆர்டர், நோட்டில் கணக்கு. முதல் 50 ஆர்டர் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால், வீட்டில் டிகிரி முடித்த பையனிடம் வந்து நிற்கும்: "டேய், நமக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுடா."

பையன் கூகுளில் தேடுவான். "மாதம் 59 ரூபாய், எல்லாமே அன்லிமிடெட்" என்று ஒரு விளம்பரம் கண்ணில் படும். வாங்கிவிடுவான். ஒரே நாளில் சைட் ரெடி. ஆர்டர் ஃபார்மில் பெயர், போன் நம்பர், முகவரி, பின்கோடு, ஏதோ ஒரு டெம்ப்ளேட்டில் இருந்ததால் பிறந்த தேதியும்கூட. தீபம் முடியும்போது 300 பேரின் விவரம் சேர்ந்திருக்கும்.

அந்த 300 பேரின் விவரம் இப்போது எங்கே இருக்கிறது? யாரால் பார்க்க முடியும்? பெரும்பாலான புதிய தளங்களில் இதற்கு உரிமையாளருக்கே பதில் தெரியாது. இது சும்மா டெக்னிக்கல் சந்தேகம் இல்லை. யார் என்ன ஆர்டர் செய்தார், எப்போது டெலிவரி என்று தெரிந்த ஒருவர், "உங்க அகல் விளக்கு பார்சல் வந்திருக்கு, அட்ரஸ் சரியில்ல, இந்த லிங்க்ல 5 ரூபாய் கட்டுங்க" என்று மெசேஜ் அனுப்பினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பொருள் பெயர் சரி, ஊர் சரி. பணம் போன பிறகு அவர்கள் திட்டப்போவது மோசடிக்காரனை இல்லை, விளக்கு விற்ற குடும்பத்தை.

டொமைன் வேற, ஹோஸ்டிங் வேற

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டொமைன் என்பது கடையின் பெயர்ப் பலகை. ஹோஸ்டிங் என்பது கடை இருக்கும் இடம். இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தனித்தனியாக வாங்கினால், ஹோஸ்டிங் பிடிக்காதபோது பலகையைக் கழற்றிக்கொண்டு வேறு இடத்துக்குப் போவது சுலபம்.

டொமைனை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காம் பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்க வாய்ப்பு கிடைக்கலாம். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். இதில் கட்டணம் எக்கச்சக்கமாக இருக்கும். கடைசியாக 5 நாள் காத்திருப்பு, அப்புறம் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இதைவிட அடிக்கடி நடக்கும் சிக்கல் வேறு. சைட் செய்து கொடுத்த டிசைனர் தன் இமெயிலிலேயே டொமைனைப் பதிவு செய்துவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, அவசரத்தில் செய்ததுதான். இரண்டு வருடம் கழித்து அவர் போன் எடுக்கவில்லை என்றால் கதை முடிந்தது. பதிவு யார் இமெயிலில் இருக்கிறதோ, நடைமுறையில் டொமைன் அவருடையது. எனவே வேலையை வெளியே கொடுத்தாலும், டொமைன் கணக்கு மட்டும் உங்கள் பெயர், உங்கள் இமெயில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும்.

தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் டொமைனும் கிடைக்கிறது. பெயர்ப் பலகைக்கு அழகுதான். ஆனால் பல ஆப்களும் இமெயில் சேவைகளும் இன்னும் அதைச் சரியாகக் கையாளுவதில்லை. ஆங்கில எழுத்தில் ஒன்று வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயரை அதோடு இணைத்துவிடுவது பாதுகாப்பு.

பொதுச் சூளையா, சொந்தச் சூளையா?

ஹோஸ்டிங் வகைகளைப் புரிந்துகொள்ள பீங்கான் ஊர்க்காரர்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. ஷேர்டு ஹோஸ்டிங் என்பது பொதுச் சூளை மாதிரி. பல பேரின் பொருளை ஒன்றாக அடுக்கி ஒரே நெருப்பில் சுடுவது. செலவு குறைவு, நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். ஆனால் பக்கத்து அடுக்கில் ஒன்று வெடித்தால் உங்கள் பொருளிலும் சில்லு விழலாம். பக்கத்து சைட்டுக்குத் திடீர்க் கூட்டம் வந்தால் உங்கள் சைட் மெதுவாகும்.

விபிஎஸ் என்பது பெரிய சூளைக்குள் சுவர் எழுப்பி உங்களுக்கென்று ஒதுக்கிய அறை. சூடு, இடம் எல்லாம் உங்கள் கணக்கு. ஆனால் நெருப்பு பார்ப்பதும் நீங்கள்தான். லினக்ஸ் அப்டேட், ஃபயர்வால், பேக்கப் எதையும் யாரும் செய்து தரமாட்டார்கள். "ஷேர்டு வேணாம் ப்ரோ, விபிஎஸ் போடுங்க" என்று அறிவுரை சொல்லும் நண்பர்கள் இந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கவனிக்கப்படாத விபிஎஸ்ஸை விட, ஒழுங்காக நிர்வகிக்கப்படும் ஷேர்டு ஹோஸ்டிங் ஆரம்ப நிலை ஆளுக்குப் பாதுகாப்பானது.

மூன்றாவது வழி, சூளையே வேண்டாம், ஷோரூமில் ஒரு அலமாரி வாடகைக்கு எடுப்பது. ஷாப்பிஃபை போன்ற ரெடிமேட் கடைத் தளங்கள் இந்த ரகம். மாத வாடகை அதிகம். ஆனால் செக்யூரிட்டி தலைவலியின் பெரும்பகுதி அவர்களுடையது.

ஆர்டர், லாகின் எதுவும் இல்லாமல் வெறும் படமும் விவரமும் காட்டும் தளம் என்றால், இலவசமாகவே முடித்துவிடலாம். கிட்ஹப் பேஜஸில் 1 ஜிபி அளவு வரை தளம் வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஆன்லைன் வியாபாரம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. போர்ட்ஃபோலியோ, கல்லூரி ப்ராஜெக்ட், ஊர்த் திருவிழாப் பக்கம் இதற்கெல்லாம் தாராளம்.

அந்த 59 ரூபாய் கணக்கு

விளம்பர விலையை ஒருமுறை கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். மாதம் 59 ரூபாய் என்று பெரிய எழுத்தில் இருக்கும். 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை என்று சின்ன எழுத்தில் இருக்கும். 59 இன்ட்டு 48, 2,832 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 3,340 ரூபாய், இன்றைக்கே. காலம் முடிந்ததும் ரின்யூவல் மாதம் 299 ரூபாய் என்றால், ஒரு வருடத்துக்கு வரியோடு சுமார் 4,230 ரூபாய். நான்கு வருடத்துக்குக் கட்டியதைவிட ஐந்தாவது வருடம் ஒன்றுக்கே அதிகம். இது உதாரணக் கணக்குதான், ஆனால் சந்தையில் இருக்கும் பாணி இதுவே. எனவே பார்க்க வேண்டிய விலை முதல் விலை இல்லை, ரின்யூவல் விலை.

'அன்லிமிடெட்' என்ற வார்த்தையும் அப்படித்தான். விதிமுறைப் பக்கத்தைத் திறந்தால், ஃபைல் எண்ணிக்கைக்கு வரம்பு, சிபியு பயன்பாட்டுக்கு வரம்பு, ஒரு மணி நேரத்தில் அனுப்பும் இமெயிலுக்கு வரம்பு என்று வரிசையாக வரும். அகல் விளக்குக் கடைக்கு இது முக்கியம். வருடம் முழுக்க ஈ ஓட்டும் சைட்டுக்கு கார்த்திகைக்கு முந்தைய வாரம் மட்டும் கூட்டம் குவியும். சரியாக அந்த வாரத்தில் வரம்பைத் தொட்டு சைட் நின்றால், அன்லிமிடெட்டால் என்ன பிரயோஜனம்?

சர்வர் எந்த ஊரில் இருக்கு?

ஆப்டிகல் ஃபைபரில் சிக்னல் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும். கேட்க அசுர வேகம்தான். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப குறைந்தது 26,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு சுற்றுக்கே நடைமுறையில் 0.2 நொடிக்கு மேல் ஆகிவிடும். ஒரு பக்கம் முழுதாகத் திறக்க இப்படிப் பல சுற்றுகள். சிதம்பரத்திலோ சேலத்திலோ 4ஜி சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் போனில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நல்ல விஷயம், தூரம் போக வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் அஸூருக்கு சென்னையிலும், டிஜிட்டல் ஓஷனுக்கு பெங்களூரிலும், அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பை, டெல்லியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. கணக்கு தொடங்கும்போது 'ரீஜன்' என்று கேட்கும் இடத்தில் பலர் முதலில் வருவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கே இரண்டு நொடி நின்று இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

"வீட்டிலேயே பழைய கம்ப்யூட்டரை சர்வராக்கினா என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கற்றுக்கொள்ள அருமையான வழி. வியாபாரத்துக்கு வேண்டாம். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கரையைக் கடந்த பிறகு கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் எத்தனை நாள் கரன்ட் இல்லாமல் இருந்தன என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

எதைச் சேமிப்பது என்பதைவிட, எதைச் சேமிக்காமல் இருப்பது

விளக்கு அனுப்ப என்ன தேவை? பெயர், முகவரி, போன் நம்பர். அவ்வளவுதான். பிறந்த தேதி எதற்கு? ஆதார் போட்டோ எதற்கு? கேட்காத தகவல் கசியவே கசியாது. இதைவிட மலிவான செக்யூரிட்டி எங்கும் கிடைக்காது.

கார்டு நம்பர் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய வங்கிகளையும் கார்டு நெட்வொர்க்குகளையும் தவிர வேறு யாரும் உண்மையான கார்டு நம்பரைச் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பேமென்ட் கேட்வே வழியாகப் பணம் வாங்குங்கள். கார்டு விவரம் உங்கள் சர்வரைத் தொடவே தேவையில்லை.

அடுத்து பாஸ்வேர்டு. 2009-ல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தில் இருந்து 3.2 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் வெளியே போயின. எல்லாமே யார் வேண்டுமானாலும் படிக்கும் வடிவில் சேமித்து வைத்திருந்தார்கள். சரி, அது பழைய காலம் என்றால், 2015-ல் 000 வெப்ஹோஸ்ட் என்ற இலவச ஹோஸ்டிங் சேவையிலேயே இது நடந்தது. சுமார் 1.3 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரம், பாஸ்வேர்டு உட்பட, அப்படியே அம்பலம். தளம் வைக்க இடம் கொடுப்பவர்களே அந்த லட்சணத்தில் இருந்தார்கள்.

சரியான முறை என்ன? பாஸ்வேர்டைச் 'சுட்டு' வைக்க வேண்டும். களிமண்ணைச் சூளையில் சுட்டால் பீங்கான் ஆகும், பீங்கானை மறுபடி களிமண் ஆக்க முடியாது. ஹேஷிங் என்பது அதுதான். பயனர் அடுத்த முறை பாஸ்வேர்டு கொடுக்கும்போது அதையும் அதே முறையில் சுட்டு, இரண்டும் ஒன்றா என்று மட்டும் பார்ப்பார்கள். ஒவ்வொருவர் மண்ணிலும் வேறு வேறு உப்பு ஒரு சிட்டிகை கலந்துவிடுவதால், இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் சுட்ட பிறகு வேறு வேறாகத் தெரியும். பிகிரிப்ட், ஆர்கான்2 என்ற பெயர்களைத் தேடுங்கள். பழைய யூடியூப் வீடியோக்களில் வரும் எம்டி5 வேண்டாம், அதை உடைப்பது இன்றைக்கு விளையாட்டு.

இன்னொரு யோசனை: வருடத்துக்கு ஒருமுறை விளக்கு வாங்குபவருக்கு லாகின் எதற்கு? கணக்கு இல்லாமலே ஆர்டர் செய்ய விடுங்கள். பாஸ்வேர்டே இல்லாத இடத்தில் பாஸ்வேர்டு திருட்டு ஏது?

டேட்டாபேஸ் எல்லாம் நமக்கு வேண்டாம், கூகுள் ஃபார்ம் போதும் என்பவர்களும் உண்டு. அது மோசமான முடிவு இல்லை. ஆனால் ஃபார்மில் வந்த பதில்கள் சேரும் ஷீட்டை, பேக்கிங் செய்யும் சித்தப்பாவுக்கு அனுப்புவதற்காக 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்த லிங்க் ஃபார்வர்டு ஆகிக்கொண்டே போகும். சித்தப்பாவின் இமெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுக்க ஒரு நிமிடம் ஆகும்.

சட்டம் சின்னக் கடைக்கும்தானா?

ஆமாம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டுச் சொந்த உபயோகத்துக்கு விலக்கு தருகிறது. விற்பனை அதில் வராது. சில வகை நிறுவனங்களுக்கு, ஸ்டார்ட்அப்கள் உட்பட, சில பிரிவுகளில் இருந்து அரசு விலக்கு அறிவிக்க முடியும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன.

என்ன சொல்கிறது? என்ன தகவல், எதற்காக எடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. எங்கிருந்தோ காப்பி அடித்த பத்து பக்க ஆங்கில பிரைவசி பாலிசியைவிட, "உங்க நம்பரை டெலிவரிக்கு மட்டும் பயன்படுத்துவோம்" என்ற நான்கு வரித் தமிழ் எல்லோருக்கும் நல்லது. 18 வயதுக்குட்பட்டவரின் தகவல் என்றால் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும்.

தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள். உரிய பாதுகாப்பு செய்யாமல் விட்டால் அபராதம் அதிகபட்சம் 250 கோடி ரூபாய். விளக்குக் கடைக்கு 250 கோடி போட மாட்டார்கள், தவறின் தன்மையைப் பார்த்துத்தான் தொகை முடிவாகும். ஆனால் "எனக்குத் தெரியாது, ஹோஸ்டிங் கம்பெனிதான் காரணம்" என்ற பதில் செல்லாது. உங்கள் சார்பில் டேட்டாவைக் கையாளும் நிறுவனத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு உங்களுடையதே.

வெளிநாட்டு சர்வரில் வைக்கலாமா? அரசு தடை செய்யும் நாடுகளைத் தவிர மற்ற இடங்களில் வைக்க இந்தச் சட்டம் அனுமதிக்கிறது. பணப் பரிவர்த்தனைத் தகவல் மட்டும் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேட்வே பயன்படுத்தினால் அது அவர்கள் கவலை.

சர்வர் எரிஞ்சே போச்சுன்னா?

2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுதாக எரிந்தது. சுமார் 36 லட்சம் வெப்சைட்டுகள் முடங்கின. இதில் கொடுமை, காசு கொடுத்து பேக்கப் வசதி வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே கட்டடத்திலேயே இருந்திருக்கிறது. வழக்கு நீதிமன்றம் போய், 2023-ல் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவானது. டேட்டா திரும்பி வரவில்லை.

2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் தொடங்கிய தீ, அரசு ஊழியர்களின் ஃபைல்கள் இருந்த ஜி-டிரைவை அழித்தது. 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வெளியே பேக்கப் எடுக்கவே இல்லை. டெக்னாலஜியில் நம்மைவிட எங்கோ முன்னால் இருக்கும் நாடு அது.

தீ வேண்டாம், ஒரு தவறான கமாண்டே போதும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினீயர் களைத்துப்போன ராத்திரி நேரத்தில் தவறான சர்வரில் டெலிட் கொடுத்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒன்றுகூட எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு காப்பி இருந்ததால் தப்பித்தார்கள்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கிய 3-2-1 என்ற கணக்கு இதற்கு உதவும். மூன்று காப்பி, இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில். விளக்குக் கடைக்கு அது எப்படி இருக்கும்? சர்வரில் இருக்கும் அசல் ஒன்று. வாரம் ஒருமுறை டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலாக கூகுள் டிரைவில் ஒன்று. மாதம் ஒருமுறை பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ ஒன்று, அது விருத்தாசலத்தில் அத்தை வீட்டு பீரோவில். எடுத்து வைத்தால் மட்டும் போதாது, வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்தக் காப்பியில் இருந்து சைட்டை எழுப்பிப் பார்க்க வேண்டும். கிட்லேப் தவறவிட்டது இதைத்தான்.

பழைய ஆர்டர்களை என்ன செய்வது? ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கணக்கு விவரத்தைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், ஆண்டு ரிட்டர்ன் கெடுவில் இருந்து 72 மாதம். புதிய தரவு விதிகளிலும் சில பதிவுகளை ஒரு வருடம் வைக்கச் சொல்கிறார்கள். அதற்காக அவை வெப்சைட் சர்வரிலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. கணக்குக்குத் தேவையானதை இறக்கி இன்டர்நெட் தொடர்பு இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, சைட்டில் இருந்து நீக்கிவிடலாம்.

ஒருவேளை வியாபாரம் சரிப்பட்டு வரவில்லை, சைட்டை மூடுகிறீர்கள் என்றாலும் டொமைனை அப்படியே காலாவதியாக விடாதீர்கள். வேறொருவர் அதே பெயரை வாங்கினால், அந்தப் பெயரில் நீங்கள் வைத்திருந்த இமெயில் முகவரியையும் அவரால் உருவாக்கிக்கொள்ள முடியும். பேமென்ட் கேட்வே, கூரியர் கணக்கு, கூகுள் டிரைவ் எல்லாவற்றிலும் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' தட்டினால் லிங்க் அவருக்குத்தான் போகும். எனவே முதலில் எல்லாக் கணக்குகளிலும் இமெயிலை மாற்றுங்கள், சர்வரில் இருக்கும் வாடிக்கையாளர் விவரத்தை அழியுங்கள், பிறகு ஒரு வருடமாவது டொமைனுக்கு மட்டும் பணம் கட்டி வையுங்கள்.